போயா நாளில் வராத ஆள்

சோலைமலைக்கு இருந்த பொறாமை சும்மா லேசுப்பட்ட பொறாமை இல்லை. ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் பதினாலு வருஷமாகக் கணக்கப்பிள்ளை. விடியக் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நிற்பான். வேலைக்கு வந்த ஆளுக்கு செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் முழுப்பேர் போடுவான், மத்தியானத்தோடு நின்றுவிட்ட ஆளுக்கு அரைப்பேர் போடுவான், பிந்தி வந்த ஆளை நாலு வார்த்தை திட்டுவான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டி மேல் கை நீட்டியது கிடையாது. நல்ல மனுஷன் என்றுதான் ஊரே சொல்லும். ஆனால் பூரணி யாரிடமாவது சிரித்துப் பேசிவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. வாயைத் திறந்து கேட்கவும் மாட்டான். கேட்டுத் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பூரணி அவன் பெண்டாட்டி. பிள்ளைக் காம்பராவில் வேலை. தோட்டத்துப் பெண்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், சொந்தப் பிள்ளை இல்லை. சிங்களம் தண்ணி பட்ட பாடு. யாருக்காவது கடிதம் வந்தாலும், கச்சேரி என்கிற அரசாங்க ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தாலும் "பூரணியைக் கூப்பிடு" என்பார்கள். போன கார்த்திகை மழையில் மேல்லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலை சரிந்து பதினெட்டுக் குடும்பம் கட்டின துணியோடு வெளியே வந்தது. அவர்களுக்கு வீடு கட்ட ஆளுக்குப் பத்துப் பேர்ச் காணி ஒதுக்கியாகிவிட்டது என்று அரசாங்கத்தார் மேடை போட்டுச் சொன்னார்கள். எந்த இடம், யார் யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. பட்டியல் இருக்கிறது, காட்ட மாட்டார்கள். அந்தச் சனம் தோட்டத்துப் பழைய ஸ்டோரில் சாக்குத் திரை கட்டிக்கொண்டு கிடந்தது. பூரணிக்குப் பொறுக்கவில்லை. தகவல் அறியும் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம் என்று ஹட்டனில் யாரோ சொல்லிக்கொடுக்க, தை மாசம் அந்தப் பட்டியலைக் கேட்டு அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டாள்.

இதையெல்லாம் அவள் புருஷனிடம் சொல்லாமல் செய்யவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துக்கொண்டே ஒன்று விடாமல் சொன்னாள். அந்த மடையன் காதில் விழுந்தால்தானே! அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பதினோரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக இவள் என்னிடம் எதைப் பற்றிப் பேசியிருக்கிறாள் என்று வயிறு எரிந்துகொண்டிருந்தான். சனிக்கிழமையானால் ஹட்டனில் கூட்டம் என்று கிளம்பினாள். போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசினாள். உள்ளே சிக்னல் இல்லை, அதனால் வாசல். அதுவும் அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

மாசி மாசத்தில் ஒருநாள் பஸ் நிறுத்தத்துக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போனான். கடைக்காரர் சரிபுதீன் நானா வெற்றிலையை எண்ணிக்கொண்டே கேட்டார்.

"கணக்கப்பிள்ளை, யாரு அந்த கறுப்பு ஜாக்கெட்டு? ஒங்க சொந்தமா?"

"எந்த ஜாக்கெட்டு?"

"பைக்ல வாற ஆளு. பூரணி எந்த பஸ்ஸுல போச்சு, எப்ப வரும்னு ரெண்டு தடவ கேட்டுட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. நான் ஒங்க சொந்தம்னு நெனச்சேன்."

சோலைமலை காசை மட்டும் எடுத்து வைத்தான். "ஆமா, சொந்தந்தான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

வேறு ஒருவனாக இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்திருப்பான். இல்லையென்றால் அந்த ஜாக்கெட்காரனின் சட்டையைப் பிடித்திருப்பான். இவன் கணக்கப்பிள்ளை இல்லையா? ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து அவனுக்குப் பேர் போட ஆரம்பித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், கோடு போட்டு, கட்டம் கட்டி! முதல் பத்தியில் தேதி. இரண்டாவதில் கறுப்பு ஜாக்கெட் வந்த நேரம், போன நேரம், பைக் நம்பர். வீட்டுக்குக் கீழே இருக்கிற ரோட்டு மதகு மலையில் நின்றாலே தெரியும்; நாள் முழுக்க அந்த மதகுக் கட்டையில் நின்றால் முழுப்பேர், பாதியில் போனால் அரைப்பேர், வராவிட்டால் கோடு. பெண்டாட்டியின் கள்ளனுக்கு வரவு போட்ட புருஷனை இந்த மலைநாட்டில் வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

மூன்றாவது பத்தி பூரணிக்கு. அதில் என்ன எழுதினான் என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. "நீலச் சேலை. பூ வச்சிருந்தா. எங்கூட கோயிலுக்கு வர்றப்ப வைக்கல." "போன்ல பதினேழு நிமிஷம். நாலு தடவ சிரிச்சா." "குளிக்கப் போனப்ப போனைப் பார்த்தேன். இல்மான்னு பேரு. அவன் நம்பருக்கு பொம்பளப் பேரப் போட்டு வச்சிருக்கா."

ஒரு சனிக்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவளுக்குத் தெரியாமல் பின்னால் ஹட்டனுக்குப் போனான். பூரணி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்து மாடிப்படியில் ஏறினாள். எதிர்ப்பக்கத்தில் கறுப்பு ஜாக்கெட் வந்து நின்றான். போனை எடுத்து அவள் படியேறுவதைப் படம் பிடித்தான். அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஐயோ, சோலைமலை பட்ட பாடு! என் பெண்டாட்டியின் படம் என் போனில் கல்யாணப் படம் ஒன்றுதான் இருக்கிறது, இவன் நடக்க நடக்கப் பிடிக்கிறானே என்று சந்தில் நின்று கண்ணீர் விட்டான். அப்போதாவது மேலே ஏறிப் போய் அங்கே என்ன நடக்கிறதென்று பார்த்தானா? இல்லை. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்து எழுதினான்.

சித்திரையில் இன்னும் மோசமாகப் போயிற்று. வருஷப்பிறப்பு வாரத்தில் கறுப்பு ஜாக்கெட் வரவில்லை. அந்த இரண்டு விடுமுறை நாளும் யாருமே இல்லை. அது முடிந்த கையோடு அதே பைக்கில் ஒரு குண்டு ஆள் வந்து அதே மதகில் உட்கார்ந்தான். அவனும் பூரணி வீட்டுப் பக்கம் பார்த்தான். ஒருத்தன் பத்தாதென்று இரண்டு பேரா? அன்றைக்குச் சோலைமலை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

"ஏங்க, மேலுக்கு சொகமில்லையா?" என்று பூரணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மலையில வெயிலு" என்றான். அன்றைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது.

வைகாசியில் பட்டியல் கேட்ட கடிதத்துக்குப் பதில் வந்தது. எல்லாம் சிங்களத்தில். பூரணி வாசித்துவிட்டு, "ஜாதிக ஆரக்ஷாவ" என்று இரண்டு தரம் சொன்னாள். "தேசியப் பாதுகாப்பாம்ங்க. காணிப் பட்டியலக் குடுத்தா தேசியப் பாதுகாப்புக்கு ஆபத்தாம். பதினெட்டுக் குடும்பம் எங்க வீடு கட்டப் போகுதுன்னு சொன்னா நாடு கவுந்துருமா?"

அந்த வாரமே தோட்டத்துத் தொரை அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். உன் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், உனக்கு யார் பணம் அனுப்புகிறார்கள் என்று வெளியிலிருந்து வந்து விசாரிக்கிறார்கள், எனக்கு வம்பு வேண்டாம் என்றார். யார் விசாரித்தது என்று சொல்லவில்லை. பூரணி சும்மா இருப்பாளா? என்னைப் பற்றிக் கோவை, அதாவது பைல், ஏதும் இருக்கிறதா, என்னை யாராவது கண்காணிக்கிறீர்களா என்று கேட்டு அரசாங்கத்துக்கு இன்னொரு கடிதம் போட்டாள். இதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் வந்தது. அப்படி ஒரு கோவையும் இல்லை, உங்களை எவரும் கண்காணிக்கவில்லை.

அது வந்து மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண் கையில் பைலோடு இறங்கினாள்.

"அண்ணன், நான் இல்மா. அக்காட லோயர்."

சோலைமலை ஸ்டூலை இழுத்துப் போட்டான். இல்மா என்றால் நிஜமாகவே இல்மாதான்! பதினேழு நிமிஷம், நாலு சிரிப்பு, எல்லாம் இந்தப் பிள்ளையோடுதான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பொறாமை விடுமா? அந்தப் பிள்ளை "அக்கா, அக்கா" என்று பூரணியின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

இல்மா விஷயத்தை உடைத்துச் சொன்னாள். கொழும்பு பெரிய கோர்ட்டில் அடிப்படை உரிமை மீறல் வழக்குப் போடலாம். ஆனால் அந்தப் பதில் வந்த நாளிலிருந்து ஒரு மாசத்துக்குள் போட வேண்டும். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. கண்காணித்தார்கள் என்று காட்ட முடிந்தால், ஏன் ஒளிக்கிறீர்கள், பட்டியலில் என்ன இருக்கிறது என்று கோர்ட்டே கேட்கும். காட்ட முடியாவிட்டால் மனு வாசலிலேயே விழுந்துவிடும்.

"யாரும் கண்காணிக்கலைன்னு அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க அக்கா. அது பொய்யின்னு காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு?"

"கறுப்பு ஜாக்கெட்டு போட்ட ஒரு ஆளை ரெண்டு மூணு வாட்டி பாத்திருக்கேன்" என்றாள் பூரணி. "மதகுப் பக்கம். என்னைக்குன்னு சொல்லத் தெரியல. நானாகிட்ட கேட்டேன், அவரு கடை நடத்தணும்மா, என்னை விட்டுருன்னு கும்புட்டாரு."

"தேதி, நேரம், பைக் நம்பர். அதுல கொஞ்சமாவது இருந்தா..." என்று இல்மா பைலை மூடினாள்.

சோலைமலை எழுந்து பின்பக்கம் விறகுக் கொட்டிலுக்குப் போனான். முதலில் அவனுக்குத் தோன்றியது என்ன தெரியுமா? கள்ளத்தை மறைக்க இவள் இப்படி ஒரு கதை கட்டுகிறாளோ என்றுதான். பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு முற்றிப்போயிருந்தது! விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்த புத்தகத்தை எடுத்து விரித்தான்.

பதினாலு வருஷம் செக்ரோல் பார்த்த கண். எந்த ஆள் எந்தக் கிழமையில் மட்டம் போடுவான் என்று பக்கத்தைப் பார்த்தாலே சொல்லிவிடும். அந்தக் கண் இப்போதுதான் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கோடு. சனிக்கிழமை எல்லாம் அரைப்பேர், ஒரு மணிக்கு மேல் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பௌர்ணமிக்கு அரசாங்கம் லீவு விடுகிற போயா நாள் பார்த்தான், கோடு. அடுத்த மாசத்துப் போயா, கோடு. வெசாக் பண்டிகைக்கு இரண்டு நாளும் கோடு. வருஷப்பிறப்புக்கு லீவு. லீவு முடிந்ததும் இவன் இடத்துக்கு அந்தக் குண்டன், பத்து நாள் கழித்து மறுபடி இவன்.

அடப்பாவி! மனசைக் கொடுத்தவன் போயாவுக்கு லீவு எடுப்பானா? தான் வராத நாளுக்கு வேறு ஆளை அனுப்பி வைப்பானா? இவன் அரசாங்கச் சம்பளத்துக்கு நின்றவன். தன் பெண்டாட்டியை ஒருத்தன் நாலு மாசமாக வேலையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு நிமிஷம். அப்புறம் வேறொன்று வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அந்த ஜாக்கெட்காரனுக்குப் பூரணி ஹட்டனில் எந்த மாடியில் ஏறினாள், எதற்கு ஏறினாள், யாருக்குக் கடிதம் எழுதினாள் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. இவனுக்குத் தெரிந்தது சேலையின் நிறம். அவளைப் பற்றித் தெரிந்துகொள்வதில் வேற்று ஆள் ஒருத்தன் தன்னை முந்திவிட்டான் என்று அப்போதும் பொறாமைப்பட்டான் அந்த மனுஷன்.

புத்தகத்தைக் கொடுத்தால் வழக்கு நிற்கும். கொடுத்தால் மூன்றாவது பத்தியைப் பூரணி வாசிப்பாள். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தான். பெரட்டில் வந்த ஆளுக்குக் கோடும் வராத ஆளுக்குப் பேரும் போட்டு, பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் கடையில் புதுக் கொப்பி ஒன்று வாங்கினான். மலையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தேதியையும் நேரத்தையும் நம்பரையும் மட்டும் பார்த்து எழுதினான். மூன்றாவது பத்தியே இல்லை. எழுதி முடித்ததும் இல்மாவுக்குப் போன் போட்டான். ஒரு ஆள் குறித்து வைத்திருக்கிறார், கொப்பியில் இருக்கிறது என்று இழுத்தான்.

"அல்லாவே! அன்னன்னைக்கு எழுதினதா அண்ணன்?"

"இல்ல... பழைய புத்தகத்தப் பாத்து இப்ப எழுதுனது."

"அது சரி வராது. ஒரே பேனாவுல ஒரே மூச்சுல எழுதினத வழக்குக்காக எழுதினதுன்னு அவங்கட லோயர் கிழிச்சுப் போடுவாரு. அந்த முதல் புத்தகந்தான் வேணும். யாருட புத்தகம் அண்ணன்?"

சோலைமலை போனை வைத்துவிட்டான். ஸ்டோர் வழியாக இறங்கி வந்தபோது சாக்குத் திரைக்கு வெளியே பூரணி நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பதினெட்டுக் குடும்பத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். இன்னும் ஆறு நாளில் தவணை முடிகிறது, ஒன்றும் கிடைக்கவில்லை, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவி ஒருத்தி, "நீ என்னா பண்ணுவ ஆத்தா" என்று அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். பூரணி அழுதாள். பதினோரு வருஷத்தில் அவள் அழுது அவன் பார்த்ததில்லை. பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்ன நாளில்கூட அழவில்லை.

மறுநாள் மத்தியானம், "வா, ஹட்டனுக்குப் போவோம்" என்றான். எதற்கென்று கேட்டாள். பழைய செக்ரோல் புத்தகத்தை உரப்பையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

இல்மாவின் ஆபீஸ் அந்த மாடியில்தான். அதே படியில் அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறினான். புத்தகத்தை மேசையில் வைத்தான். இல்மா விரித்தாள், புரட்டினாள், கண் அகலமாகிக்கொண்டே போயிற்று.

"நம்பர் இருக்கு. நேரம் இருக்கு. மாத்து ஆளுகூட இருக்கு! லீவு நாளக்கூட விடல. இது தங்கம் அண்ணன், தங்கம்! அக்கா, இங்க பாருங்க..."

பூரணி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புருஷனின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? முதல் பக்கத்தில் சிரித்தாள். இரண்டாவது பக்கத்தில் சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்தாள். சோலைமலை அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். இல்மாவுக்கும் ஏதோ விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு பேனாவை எடுத்தாள்.

"அண்ணன், நீங்க சத்தியக்கடதாசி குடுக்கணும். இத எதுக்காக எழுதினீங்கன்னு அதுல சொல்லணும். கோர்ட்டுல அதத்தான் முதல்ல கேப்பாங்க. தோட்டத்துப் பாதுகாப்புக்குன்னு போட்டுக்கலாமா?"

அவனுக்கு வழி திறந்துவிட்டது போலிருந்தது. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான். பூரணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. யாரோ ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பொண்டாட்டி மேல சந்தேகப்பட்டு எழுதுனேன்னு போடுங்க" என்றான் சோலைமலை. குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான்.

"அப்ப மூணாவது பத்திய மறைச்சிட்டு போட்டோக்கொப்பி எடுப்போம்" என்றாள் இல்மா. "அக்காட சொந்த விஷயம் அது. கோர்ட்டுக்குத் தேவையில்ல."

"வேணாம்மா, எல்லாத்தையும் போடு" என்றாள் பூரணி. "மறைக்கிறாங்கன்னுதானே கேஸே போடுறோம். நாம மறைச்சா நல்லாருக்காது."

சமாதான நீதவான் ஒருவர் கீழ்த் தெருவில் இருந்தார். அவர் முன்னால் சோலைமலை சத்தியம் செய்து ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டான். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி, சத்தியக்கடதாசியில் ஒரு வரியை வாசித்துவிட்டு, பூரணியை ஒரு பார்வை பார்த்தார். பூரணி சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனு தவணைக்குள் போய்விடும், இனி அவர்கள் அந்தக் கோவையைக் கொண்டுவந்து காட்டியே ஆக வேண்டும் என்று இல்மா துள்ளிக்கொண்டு கொழும்பு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். பெருங்கூட்டம். சோலைமலை வடை வாங்கி வந்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

"பூரணி, நான் ஒன்னைய நெனச்சு நெனச்சுத்தான்..." என்று ஆரம்பித்தான். "தப்புதான். ஏதாச்சும் சொல்லு. திட்டவாவது செய்யி."

அவள் வடையைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் கேட்டாள்.

"அந்த ஆளு என்னையப் பத்தி எழுதுனதுக்கு நாயம் கேக்க கொழும்புல கோர்ட்டு இருக்குங்க. பதினோரு வருசம் ஒங்ககூட ஒரே வீட்டுல இருந்தேனே, நீங்க எழுதுனதுக்கு நான் எங்க போயி கேக்குறது?"

பஸ் வந்தது. சனம் முண்டியடித்து ஏறியது. பூரணியும் ஏறி, ஒரு அம்மாவின் பக்கத்தில் காலியாக இருந்த ஒற்றை இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.